170 பேர் மனுப் போட்ட வாத்தியார் வேலை!

கடற்கரை ஊர்களில் மாலை வந்தால் பந்து உருளத் தொடங்கிவிடும். தூத்துக்குடிப் பக்கமும் அப்படித்தான். படகுகளைக் கரையில் ஏற்றி வைத்திருப்பார்கள். பக்கத்தில் நாலு கம்பு நட்டுப் பையன்கள் ஆடுவார்கள். வலையைச் சரி பார்க்கிறவரின் ஒரு கண் வலையில் இருக்கும். இன்னொரு கண் பந்தில் இருக்கும்.

இதே மாவட்டத்தில் காயல்பட்டினம் இருக்கிறது. அங்கே ஐக்கிய விளையாட்டுச் சங்கம், மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெயரில் அகில இந்தியக் கால்பந்துப் போட்டி நடத்தி வந்திருக்கிறது. வெளியூர்க் குழுக்கள் எல்லாம் வந்து ஆடியிருக்கின்றன. ஊர் சிறிதுதான். ஆனால், ஆட்டத்தின் நெளிவு சுளிவு தெரிந்த ஊர்!

இப்படிப்பட்ட இடங்களில் கால்பந்துச் செய்தி வந்தால் சும்மா விடுவார்களா? 2025 ஜூலை மாதம் நாடெங்கும் கால்பந்து ரசிகர்களின் வாயில் ஒரே பேச்சு. இந்தியக் குழுவுக்கு அடுத்த பயிற்சியாளர் யார்?

"நம்ம ஆளைப் போடட்டும், அண்ணாச்சி! எத்தனை நாளைக்கு வெளிநாட்டுக்காரனையே நம்பிக்கிட்டுக் கிடக்கது?" என்பார் ஒருவர்.

"ஏம்வே, ஐரோப்பாவிலே ஆட்டம் எங்கேயோ போயாச்சு. அங்கே படிச்சவன் வந்தால்தானே நமக்கும் நாலு விஷயம் தெரியும்?" என்பார் இன்னொருவர்.

"யார் வந்தா என்னடே? கோல் அடிக்க ஆள் வேணும்லா!" என்பார் பேசாமல் இருந்த மூன்றாமவர்.

மூன்றாமவரை மற்ற இருவரும் கவனிக்கவில்லை. ஆனால், விஷயம் அவர் சொன்னதில்தான் இருக்கிறது.

நாற்காலி காலியானது எப்படி?

ஈகோர் ஸ்டிமாச் என்பவர் குரோவேஷியா நாட்டுக்காரர். 2019இல் இந்தியக் குழுவின் பயிற்சியாளர் ஆனார். தொடக்கத்தில் தடுமாற்றம். 2023இல் நல்ல காலம் பிறந்தது. தெற்காசியக் கோப்பை கிடைத்தது. உலக வரிசையில் இந்தியா 99ஆம் இடத்துக்கு ஏறியது. ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

ஏறியது போலவே இறக்கமும் வந்தது. 2024 ஜனவரியில் கட்டார் நாட்டில் ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. இந்தியா ஆடியது 3 ஆட்டம். மூன்றிலும் தோல்வி. அடித்த கோல் ஒன்றுகூட இல்லை!

மார்ச் மாதம் கவுகாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றார்கள். ஜூன் மாதம் தோஹாவில் கட்டாரிடம் தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் இந்தியா முதலில் முன்னணியில் இருந்தது. கோட்டைத் தாண்டிப் போன பந்தை இழுத்துக் கொண்டுவந்து கட்டார் ஆட்டக்காரர்கள் கோல் போட்டார்கள். நடுவர் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டார். உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியில் அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு அத்துடன் முடிந்தது.

2024 ஜூன் 17ஆம் தேதி ஸ்டிமாச்சை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவருடைய ஒப்பந்தமோ 2026 வரை இருந்தது! சண்டை வந்தது. கடைசியில் 4 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். நம் பணத்தில் 3 கோடி ரூபாய்க்கும் மேல். வேலை வாங்கக் கொடுத்த பணம் அல்ல, வேலை வேண்டாம் என்று சொல்லக் கொடுத்த பணம்!

ஸ்டிமாச் காலத்துச் செய்தி ஒன்று சிரிப்பையும் வேதனையையும் சேர்த்துத் தரும். 2022இல் சில முக்கிய ஆட்டங்களுக்கு முன்னால் ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு சோதிடருக்கு அனுப்பி, யாருக்கு நேரம் நன்றாக இருக்கிறது என்று கேட்டதாக 2023இல் பத்திரிகைகளில் செய்தி வெளியானது. சோதிடம் பார்த்த அந்த ஆட்டங்களில் சிலவற்றில் இந்தியா வென்றது என்பதும் உண்மைதான். அதற்காக, சோதிடரையே பயிற்சியாளர் ஆக்கிவிட முடியுமா?

அடுத்து வந்தவர் மனோலோ மார்க்கெஸ். ஸ்பெயின் நாட்டுக்காரர். 2024 ஜூலையில் அவரை நியமித்தார்கள். அப்போது அவர் கோவா சங்கத்துக்கும் பயிற்சியாளர். ஒரே நேரத்தில் இரண்டு குதிரைச் சவாரி!

அவர் கையில் இந்தியா 8 ஆட்டம் ஆடியது. வென்றது ஒன்று. அதுவும் மாலத்தீவு என்ற சின்னஞ்சிறு நாட்டிடம். 4 ஆட்டம் சமம். 3 தோல்வி. 2025 ஜூன் 10ஆம் தேதி ஹாங்காங்கில் ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ஒரு பெனால்டி. 1 - 0 என்று தோல்வி. ஜூலை தொடக்கத்தில் மார்க்கெஸ் விடைபெற்றுக் கொண்டார். உலக வரிசையில் இந்தியா 133ஆம் இடத்துக்கு இறங்கியது.

பெரிய பெயர்கள்!

அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் விளம்பரம் கொடுத்தது. மனுக்கள் குவிந்தன. எத்தனை? 170!

இங்கிலாந்தின் பழைய கோல் மன்னர் ராபி ஃபவுலர் மனுப் போட்டிருக்கிறார் என்று செய்தி வந்தது. ஆஸ்திரேலியாவின் ஹாரி கியூவல் பெயரும் வந்தது. ரசிகர்கள் மனக்கோட்டை கட்டத் தொடங்கினார்கள்.

அந்த நேரத்தில் ஒரு வெடி! பார்சலோனா குழுவின் பழைய ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான சாவி ஹெர்னாண்டஸ் மனுப் போட்டிருக்கிறாராம்! உலகக் கோப்பை வென்ற சாவியா? ஆமாம், அதே சாவி! சம்பளம் கட்டுபடியாகாது என்று சம்மேளனம் விட்டுவிட்டதாம். ரசிகர்கள் கொதித்தார்கள். "கடனை வாங்கியாவது போடக் கூடாதா?" என்று கேட்டார்கள்.

மறுநாளே உண்மை தெரிந்தது. சாவி பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பெப் குவார்டியோலா பெயரிலும் ஒன்று வந்தது. இரண்டும் உண்மையானவை அல்ல என்று சம்மேளனமே அறிக்கை விட்டது. விளையாட்டுக்கு அனுப்பியது தாமே என்று ஒரு கல்லூரி மாணவர் சொல்லிக்கொண்டதாகவும் செய்தி வந்தது.

ஊர் சிரித்தது. ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் செய்தியை இத்தனை பேர் ஏன் உடனே நம்பினார்கள்? ஒரு பெரிய மனிதர் வந்து இறங்கினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆசைதான் காரணம். அந்த ஆசை இருக்கும் வரையில் பொய்க் கடிதத்துக்கு மவுசு குறையாது.

கடைசியில் மூன்று பேர்

மனுக்களைப் பார்த்தது ஒரு தொழில்நுட்பக் குழு. அதன் தலைவர் கேரளத்தின் பழைய நட்சத்திரம் ஐ.எம். விஜயன். சலித்துச் சலித்து மூன்று பெயர்களை எடுத்தார்கள்.

முதல் பெயர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன். இங்கிலாந்துக்காரர். இந்தியாவுக்குப் புதியவர் அல்லர். 2002 முதல் 2005 வரை ஒரு தடவை, 2015 முதல் 2019 வரை இன்னொரு தடவை, ஆக இரண்டு முறை பயிற்சியாளராக இருந்தவர். 2015இல் 173ஆம் இடத்தில் கிடந்த இந்தியா, இவர் கையில் 2017 ஜூலையில் 96ஆம் இடத்துக்கு வந்தது. 2019 ஆசியக் கோப்பைக்கும் போனது. அங்கே தாய்லாந்தை 4 - 1 என்று வீழ்த்தியது.

"தெரிந்த மனிதர், தேறிய மனிதர்" என்றது ஒரு கட்சி. "அரைத்த மாவையே அரைப்பதா?" என்றது மறு கட்சி. சின்ன நாடுகளோடு ஆடி எண்ணிக்கையை ஏற்றினார் என்ற குறையும் அவர் மேல் உண்டு.

இரண்டாவது பெயர் ஸ்டெஃபான் தார்கோவிச். ஸ்லோவாக்கியா நாட்டுக்காரர். தன் நாட்டுக் குழுவை 2021இல் நடந்த ஐரோப்பியக் கோப்பைக்கு அழைத்துப் போனவர். அங்கே போலந்தை வென்றார். ஸ்பெயினிடம் 5 கோல் வாங்கினார். பிறகு கிர்கிஸ்தான் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார். அதனால் ஆசிய ஆட்டமும் தெரியும். படிப்பு இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. ஆனால், இந்தியாவில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ரசிகர் கூட்டத்தில் அவருக்காகக் குரல் கொடுத்தவர்களும் குறைவுதான்.

மூன்றாவது பெயர் காலித் ஜமீல். நம் நாட்டுக்காரர். 1977இல் குவைத்தில் பிறந்தவர். இந்தியாவுக்காக ஆடியவர். பம்பாய்ச் சங்கம் ஒன்றுக்கு ஏழு ஆண்டு பயிற்சி கொடுத்தவர். அதன் பிறகுதான் அவர் பெயர் நாடெங்கும் தெரிந்தது. அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

மலை ஊர்க் கதை

மிசோரம் மாநிலத்தின் தலைநகர் ஐசால். மலை மேல் இருக்கும் ஊர். அந்த ஊர்ச் சங்கம் தேசிய லீக்கில் இருந்து கீழே தள்ளப்பட்டு, பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்ட சங்கம். பணம் கிடையாது. பெரிய ஆட்டக்காரர்கள் கிடையாது.

அந்தச் சங்கத்துக்கு ஜமீல் போனார். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் போன்ற பணக்காரச் சங்கங்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, 2017 ஏப்ரல் மாதம் ஐசால் முதலிடம் பிடித்தது! மோகன் பகானைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். எலி புலியைப் பிடித்த கதை!

பிறகு ஜமீல் ஐ.எஸ்.எல். போட்டிக்கு வந்தார். அங்கே ஒரு சங்கத்துக்கு நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளர் ஆன முதல் இந்தியர் அவரே. ஜாம்ஷெட்பூர் குழுவை 2025இல் அரை இறுதி வரை கொண்டுபோனார். சம்மேளனத்தின் சிறந்த பயிற்சியாளர் விருதையும் தொடர்ந்து இரண்டு முறை பெற்றார்.

அவர் மேல் குறை இல்லையா? உண்டு. "முதலில் கோல் வாங்காதே, சமயம் கிடைத்தால் பாய்" என்பது அவர் பாடம். பார்க்க அழகாக இராது. நீளமாக உதைப்பார்கள், பின்னால் கூட்டமாக நிற்பார்கள். "இது பழைய காலத்து ஆட்டம்" என்று இளைஞர்கள் முகம் சுளித்தார்கள். "கையில் இருக்கிற அரிசிக்குத் தக்கபடிதானே சோறு வடிக்க முடியும்?" என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள்.

2025 ஆகஸ்டு 1ஆம் தேதி சம்மேளனத்தின் செயற்குழு கூடியது. ஜமீல் பெயரை அறிவித்தது. 2012க்குப் பிறகு நிரந்தரமாக இந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். ஒப்பந்தம் 2 ஆண்டு. இரு தரப்புக்கும் பிடித்தால் இன்னும் ஓர் ஆண்டு.

"நம்ம ஆளைப் போடட்டும்" என்றவர் ஜெயித்துவிட்டார்!

உள்நாடா, வெளிநாடா?

இந்தச் சண்டைக்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கோவில்பட்டிக்குப் போனால் போதும். அதுவும் தூத்துக்குடி மாவட்டம்தான். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன அந்த ஊரில் ஹாக்கி மட்டை பிடிக்காத தெரு குறைவு. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி அங்கேதான் நடக்கிறது. அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்.

ஹாக்கியிலும் இதே தகராறு நடந்தது. 2017 செப்டம்பரில் ஹாலந்துக்காரர் ஓல்ட்மன்ஸை அனுப்பினார்கள். இன்னொரு ஹாலந்துக்காரர் மரீன் வந்தார். 2018 மே மாதம் அவரைப் பெண்கள் குழுவுக்கு மாற்றிவிட்டு, நம் நாட்டு ஹரேந்திர சிங்கைப் போட்டார்கள். அவர் 2016இல் இளைஞர் உலகக் கோப்பை வென்று கொடுத்தவர். 2019 ஜனவரியில் அவரையும் எடுத்தார்கள். ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கிரகாம் ரீட் வந்தார். இரண்டு ஆண்டு முடிவதற்குள் நான்கு பேர்!

ரீட் வந்த பிறகு என்ன ஆயிற்று? அவரை விட்டுவைத்தார்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வந்தது. தமிழ்நாட்டு பாஸ்கரன் தலைமையில் 1980இல் மாஸ்கோவில் தங்கம் வாங்கியதற்குப் பிறகு 41 ஆண்டு கழித்து வந்த பதக்கம் அது! 2023இல் தென் ஆப்பிரிக்காவின் கிரெய்க் ஃபுல்டன் வந்தார். 2024இல் பாரிஸிலும் வெண்கலம் கிடைத்தது.

வெளிநாட்டுக்காரர் என்பதாலா பதக்கம் வந்தது? ஓல்ட்மன்ஸும் மரீனும் வெளிநாட்டுக்காரர்கள்தானே! ஒடிசா அரசு பணம் போட்டது. ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் ஒரே முகாமில் சேர்ந்து இருந்தார்கள். பயிற்சியாளரை நடுவில் பிடுங்கவில்லை. காரணம் அதுதான்.

கால்பந்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2025 ஜூலை 5ஆம் தேதி, சம்மேளனம் ஆண்கள் குழுவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், இந்தியப் பெண்கள் குழு தாய்லாந்து மண்ணில் தாய்லாந்தையே 2 - 1 என்று தோற்கடித்தது. ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. பயிற்சியாளர் கிறிஸ்பின் சேத்ரி, இந்தியர். அவரைப் பற்றி எத்தனை பேர் விவாதம் செய்தார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ரஹீம் சாகிபு

இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்றால் எல்லோரும் சொல்லும் பெயர் சய்யித் அப்துல் ரஹீம். ஐதராபாத்துக்காரர். பள்ளிக்கூட வாத்தியார்! 1950இல் பொறுப்பு ஏற்றார். 1951 டில்லி ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 ஜகார்த்தாவில் மறுபடியும் தங்கம்.

ஜகார்த்தாவில் அவர் செய்த ஒரு காரியம் கேட்கத் தக்கது. ஜர்னைல் சிங் என்பவர் பின்னணி ஆட்டக்காரர். கோட்டைச் சுவர் மாதிரி நிற்பவர். நடுவில் ஓர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார்கள். தலையால் பந்தை முட்டித் தடுப்பது கடினம். வேறு வாத்தியாராக இருந்தால் அவரை உட்கார வைத்திருப்பார்.

ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? அவரை முன்னணிக்கு அனுப்பினார்! "நீ கோல் போடு" என்ற வேலையைக் கொடுத்தார். அரை இறுதியில் ஜர்னைல் கோல் போட்டார். செப்டம்பர் 4ஆம் தேதி இறுதி ஆட்டம். எதிரி தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒரு கோல். ஜர்னைல் ஒரு கோல். கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். 2 - 1 என்று தங்கம் வந்தது!

ரஹீம் அப்போது புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் காலமானார். அவர் பொறுப்பில் இருந்தது 13 ஆண்டு. ஒவ்வோர் ஆட்டக்காரரின் காலும் தலையும் மனமும் அவருக்குத் தெரியும். அதனால்தான் தையல் போட்ட மனிதரை முன்னால் அனுப்பும் துணிச்சல் வந்தது. எட்டு ஆட்டம் மட்டும் ஆடிவிட்டுப் போகிறவருக்கு அது வருமா?

முத்துக் குளித்த காலத்தில் தூத்துக்குடிக் கடலில் ஒரு வழக்கம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். கடலுக்குள் இறங்குகிறவரின் உயிர், படகில் கயிறு பிடிக்கிறவர் கையில் இருக்கும். அந்தக் கயிற்றைப் பெரும்பாலும் மச்சானிடம்தான் கொடுப்பார்களாம். தங்கை தாலி அறுக்க எந்த அண்ணன் விடுவான்? 1961க்குப் பிறகு முத்துக் குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு இன்னும் நிற்கிறது. கயிறு பிடிக்கிறவரை முக்குளிப்புக்கு முக்குளிப்பு மாற்றினால், எந்தக் குளியாள் நம்பி இறங்குவார்?

அமெரிக்காவில் பாருங்கள்!

அமெரிக்கக் கால்பந்து பெயருக்குத்தான் கால்பந்து. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்! கல்லூரிக் குழுக்கள் ஆடும் ஆட்டத்துக்கே கூட்டம் பொங்கி வழியும். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம்.

அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஒருவர். அவருக்குக் கீழே தாக்குதலுக்குத் தனியாக ஒரு பயிற்சியாளர். தற்காப்புக்குத் தனியாக ஒருவர். தாக்குதல் பயிற்சியாளர் வேலை காலியானால் போதும். ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இவர் போன ஆண்டு எத்தனை புள்ளி எடுக்க வைத்தார்? அவர் இளைஞர்களை வளர்ப்பாரா? நம்மிடம் இருக்கிற ஆட்டக்காரர்களுக்கு யார் பாடம் பொருந்தும்? இப்படிக் கேள்வி மேல் கேள்வி. பெரிய பல்கலைக்கழகங்களில் அந்த வேலைக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அவர்களும் ஆளைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். ஆனால், என்ன வேலைக்கு ஆள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. புள்ளி எடுக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான். நம் விவாதத்தில் நாட்டைப் பற்றிப் பேச்சு இருந்தது. சம்பளத்தைப் பற்றிப் பேச்சு இருந்தது. கோல் அடிக்க யார் கற்றுக்கொடுப்பார் என்ற பேச்சு எத்தனை பேரிடம் இருந்தது?

கோல் எங்கே?

மார்க்கெஸ் கையில் 8 ஆட்டத்தில் இந்தியா அடித்தது 5 கோல். அதில் 3 மாலத்தீவுக்கு எதிராக. மற்ற 7 ஆட்டத்துக்கும் சேர்த்து 2.

ஜமீல் வந்தார். 2025 ஆகஸ்டு 29ஆம் தேதி முதல் ஆட்டம். தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2 - 1 என்று வென்றார்கள். ரசிகர்கள் பட்டாசு வெடிக்காத குறைதான்! ஆனால், அந்த 2 கோலையும் போட்டவர்கள் யார்? அன்வர் அலியும் சந்தேஷ் ஜிங்கனும். இருவரும் பின்னணி ஆட்டக்காரர்கள்!

அடுத்து ஈரானிடம் 3 - 0 என்று தோல்வி. ஆப்கானிஸ்தானுடன் கோல் இல்லாமல் சமம். ஓமனுடன் 1 - 1, பெனால்டி உதைகளில் வெற்றி, மூன்றாம் இடம். அந்தப் போட்டிக்கு மோகன் பகான் சங்கம் தன் ஆட்டக்காரர்களை அனுப்பவில்லை. அப்படியிருந்தும் மூன்றாம் இடம் என்றால் மெச்சத்தான் வேண்டும்.

அக்டோபரில் சோதனை வந்தது. சிங்கப்பூருடன் இரண்டு ஆட்டம். சிங்கப்பூரில் 1 - 1. அக்டோபர் 14ஆம் தேதி கோவாவில் 2 - 1 என்று தோல்வி. ஆசியக் கோப்பை வாய்ப்பு போயிற்று. நவம்பர் 18ஆம் தேதி டாக்காவில் வங்காள தேசத்திடம் 1 - 0 என்று தோல்வி. 2003க்குப் பிறகு அந்த நாட்டிடம் இந்தியா தோற்றது அதுவே முதல் தடவை.

கணக்குப் பார்த்தால், ஜமீல் கையில் அந்த 7 ஆட்டத்தில் இந்தியா அடித்தது எத்தனை கோல்? அதே 5!

வாத்தியார் மாறினார். நாடு மாறியது. பாஷை மாறியது. கோல் கணக்கு மாறவில்லை!

ஏன் மாறவில்லை? காரணம் மைதானத்தில் இருக்கிறது. 2024 - 25 ஐ.எஸ்.எல். போட்டியில் அதிகக் கோல் அடித்தவர் மொராக்கோ நாட்டு அலாவுத்தீன் அஜராயி. 23 கோல். இந்தியர்களில் அதிகம் அடித்தவர் சுனில் சேத்ரி. 14 கோல். அவருக்கு அப்போது வயது 40! ஒரு முறை விடைபெற்றுக்கொண்டு போனவரை 2025 மார்ச்சில் மறுபடியும் இந்தியக் குழுவுக்கு அழைத்து வந்தார்கள். வீட்டில் விளக்குப் போட ஆள் இல்லாமல், உடம்பு தளர்ந்த பாட்டனாரையே திரும்பத் திரும்ப எழுப்புவது போல!

சங்கங்கள் பணம் போட்டு ஆட்டம் நடத்துகின்றன. வெற்றி வேண்டும். அதனால் முன்னணியில் வெளிநாட்டு ஆட்டக்காரரை நிறுத்துகின்றன. நம் பையன் ஓரத்தில் ஓடுகிறான், அல்லது வெளியே உட்கார்ந்திருக்கிறான். கோல் முன்னால் நின்று பழகாதவன் இந்தியச் சட்டை போட்ட அன்று மட்டும் எப்படி அடிப்பான்?

இதற்கு மேல் இன்னோர் இடி. ஜமீல் பொறுப்பேற்ற நேரத்தில் ஐ.எஸ்.எல். போட்டியே நின்று கிடந்தது! போட்டி நடத்தும் நிறுவனத்துக்கும் சம்மேளனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் முடியப் போகிறது என்பதால் 2025 ஜூலையில் போட்டியைத் தள்ளிப் போட்டார்கள். வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்குவது, 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது. ஆட்டக்காரர்களுக்கு ஆட்டம் இல்லை. சில சங்கங்கள் சம்பளத்துக்கே திணறின. கடல் வற்றிக் கிடக்கும்போது படகோட்டியைக் குறை சொல்லி என்ன பயன்?

கோவாவில் தோற்ற அன்று இரவே "ஜமீல் வேண்டாம்" என்ற குரல் கிளம்பிவிட்டது. சாவி வந்திருந்தால்! தார்கோவிச் வந்திருந்தால்! ஆகஸ்டில் அவரைத் தோளில் தூக்கியவர்களில் சிலரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

ஜமீல் மேல் குற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. கோவாவில் இந்தியா முதலில் கோல் போட்டு முன்னணியில் இருந்தது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. கோல் வாங்காமல் இருப்பதே தம் பாடம் என்று சொல்லும் வாத்தியாருக்கு அது இழுக்குத்தான். ஆனால், அவருக்குப் பதிலாக வேறு யார் நின்றிருந்தாலும், முன்னால் ஓடுவதற்கு அதே பையன்கள்தானே இருந்திருப்பார்கள்?

அந்தப் பையன்கள் எங்கிருந்து வருவார்கள்? ஐசால் மாதிரி ஊர்களில் இருந்துதான் வருவார்கள். காயல்பட்டினம் மாதிரி ஊர்களில் இருந்தும் வரலாம். கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடுகிறவனுக்கு மூச்சுப் பிடிப்பு உண்டு. கால் வலு உண்டு. 12 வயதில் கோல் முன்னால் எப்படி நிற்க வேண்டும், எந்தக் காலால் உதைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்க ஒருவர் வேண்டும். 16 வயதில் வாரா வாரம் ஆட ஓர் ஆட்டம் வேண்டும். பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர் நல்லவராக வாய்த்தால் முதலாவது கிடைக்கும். இரண்டாவது பெரும்பாலான ஊர்களில் கிடைப்பதில்லை. கோடை விடுமுறையில் நாலு நாள் போட்டி. பிறகு அடுத்த கோடை வரை கடலும் உப்பளமும் வேலையும்தான்.

அந்த உடற்பயிற்சி ஆசிரியர் வேலைக்கு யாரைப் போடலாம் என்று டீக்கடையில் எவரும் வாக்குவாதம் செய்வதில்லை.

2027 ஆசியக் கோப்பையை நடத்தும் பொறுப்பு சவூதி அரேபியாவுக்குக் கிடைத்தது. அதில் ஆட 24 நாடுகளுக்கு இடம். இந்தியாவை வென்ற சிங்கப்பூர் அந்த 24இல் ஒன்று.